சார்ட் பேப்பரில் முளைத்த மரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, சுற்றுச்சூழல் நாளையொட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அறுபது சொச்சம் சார்ட் பேப்பர்கள் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கின. கண்ணீர் விடும் பூமி உருண்டை பதினான்கு. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே துளிர்க்கும் செடி பதினொன்று. பாதி பச்சை, பாதி கருகல் என்று நட்டநடுவே வகிர்ந்த மரம் ஒன்பது. அதற்கு மேல் எண்ணவில்லை. மரங்கள் எல்லாம் ஒரே அச்சு: பழுப்புத் தண்டு, தலையில் பச்சை மேகம். அது மாவா, புளியா, வேம்பா என்று கேட்டால் மரத்துக்கே தெரியாது.

பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஓர் ஓடை போகிறது. அதன் வீச்சம் மேடை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. எந்தச் சார்ட்டிலும் அந்த ஓடை இல்லை. அதற்குப் பெயர் என்ன என்று பிள்ளைகளைக் கேட்டேன். “சாக்கடை சார்” என்றார்கள். ஆசிரியர்களைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர்களும் அதையே சொன்னார்கள். அழுத பூமிகளில் ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்தேன், சால்வையைப் போட்டார்கள், திரும்பி வந்துவிட்டேன். நடுவருக்கு வேறு வழியில்லை. அந்தக் கண்ணீர் நன்றாகவே விழுந்திருந்தது.

பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ‘இயற்கையைக் காப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தபோதே விடையையும் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் வரைந்தது அந்த விடையைத்தான். பென்சிலை எடுத்ததிலிருந்து கீழே வைத்தது வரை புதிதாக எதையும் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. கலை வழியாக ஊரையும் மண்ணையும் கற்றுக்கொடுப்பது இதுதான் என்றால், இந்த நாட்டில் அதற்கு வேறு மாதிரி ஒரு தொடக்கம் இருந்தது. ஏறக்குறைய நூறு வருடத்துக் கதை.

1863-ல் தேவேந்திரநாத் தாகூர் போல்பூருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் எடுத்தபோது அது வெறும் பொட்டல். நிழல் என்று சொல்ல இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள். சுற்றிலும் சிவந்த சரளை மண்ணை மழை அறுத்து அறுத்துச் சிறு பள்ளத்தாக்குகளாக ஆக்கியிருந்தது. வங்காளத்தில் அந்த நிலத்தைக் கொவாய் என்பார்கள். அங்கேதான் 1901-ல் மகன் ரவீந்திரநாத், விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைக்குப் புகைப்படத்தில் பார்க்கும் சாந்திநிகேதனின் பச்சை, ஆட்கள் நட்டு, தண்ணீர் ஊற்றி உண்டாக்கிய பச்சை. மரத்தடியில் வகுப்பு நடத்துவதை நாம் கவிஞரின் சொகுசு என்று நினைத்துக்கொள்கிறோம். முதலில் மரம் வந்தாக வேண்டும் என்ற கணக்கு அங்கே இருந்தது. அந்தப் பள்ளி வளர்ந்து விஸ்வபாரதி பல்கலைக்கழகம் ஆனபோது, பட்டமளிப்பின் அடையாளமாக ஏழிலைப்பாலை இலையைக் கொடுப்பது அங்கே மரபானது.

1919-ல் அங்கே கலாபவன் என்ற கலைப்பள்ளி வந்தது. ஓவியர் நந்தலால் போஸ் அதற்கு ஆசிரியரானார். அஞ்சலட்டை அளவுக்கு வெட்டிய அட்டைகளில் அவர் வரைந்தது ஆயிரக்கணக்கில் தேறும்: ஓர் ஆடு, ஒரு பனை, கூடை சுமக்கிற பெண், மழையில் ஒதுங்கிய நாய். மாணவர்களுக்கும் அதே வேலைதான். வெளியே போ, உட்கார், பார், பிறகு வரை. சுகுமாரி தேவி என்ற பெண்மணியை அழைத்து அல்பனா சொல்லிக்கொடுக்க ஆசிரியராகவும் அமர்த்தினார்கள். அல்பனா என்பது அரிசி மாவைக் கரைத்து விரலால் தரையில் இழுக்கிற வங்காளத்துக் கோலம். நம் ஊரில் மார்கழிக் கோலம் போடும் ஆச்சி ஒருவரைக் கவின்கலைக் கல்லூரியில் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? அது அங்கே நூறு வருடத்துக்கு முன்பே நடந்தது. இங்கே இன்னும் கோலப்போட்டிக்குக் குக்கர் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1928 ஜூலையில், மழைக்காலத்தின் தொடக்கத்தில், அங்கே முதல் மரம் நடு விழா நடந்தது. விருட்சரோபணம் என்று பெயர். ஒரு மகிழங்கன்றைப் பல்லக்கில் ஏற்றி, சங்கு முழங்க, பெண்பிள்ளைகள் பாடி ஆடிக்கொண்டு முன்னே போக, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல் அழைத்து வந்தார்கள். நிலம், நீர், தீ, காற்று, வானம் என ஐம்பூதங்களுக்கும் ஐந்து பேர் நின்றார்கள். அலங்காரம் நந்தலாலும் மாணவர்களும் செய்தது. அதையொட்டி, பக்கத்திலேயே தாகூரின் கிராமப் புனரமைப்பு மையமான ஸ்ரீநிகேதனில் ஏர் பூட்டும் விழா. எழுபதை நெருங்கும் தாகூரே மேழியைப் பிடித்தார். இரண்டு வருடம் கழித்து நந்தலால் அந்தக் காட்சியை அங்கேயே சுவரோவியமாக்கினார்.

இதில் எனக்குப் பிடித்தது, விழாவில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை என்பது. பல்லக்குக்குத் தோரணம் கட்டுகிற பையனுக்கு எந்த இலை எத்தனை நேரம் வாடாமல் நிற்கும் என்று தெரிந்தாக வேண்டும். தரையில் மாவு இழுக்கிற பெண்ணுக்கு மழை எப்போது இறங்கும் என்று தெரிந்தாக வேண்டும். பல்லக்கில் ஏற்றிக் கொண்டுவந்த கன்றை மறுநாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட யாருக்கு மனசு வரும்? 1930-ல் வெளிவந்த ‘சகஜ பாட்’ என்ற தாகூரின் வங்காள அரிச்சுவடிக்கு நந்தலால் லினோகட் படங்கள் செதுக்கினார். அதனால் எழுத்துப் பழகும்போதே பிள்ளை தன் ஊர்க் காட்சிகளையும் சேர்த்துப் படித்தது. நம் அரிச்சுவடியில் அணிலும் ஆடும் இன்னும் எந்த ஊரிலும் இல்லாத வெள்ளைப் பின்னணியில்தான் நிற்கின்றன.

சாந்திநிகேதனைக் கோயிலாக்கவும் வேண்டாம். பக்கத்துச் சந்தால் பழங்குடி ஊர்க்காரர்கள் அங்கே ஓவியத்தில் நிறைய வந்தார்கள், வகுப்பறையில் அவ்வளவு வரவில்லை. பாங்குராவின் எளிய குடும்பத்திலிருந்து வந்த ராம்கிங்கர் பைஜ் 1938-ல் சிமெண்டையும் அந்த மண்ணின் சரளையையும் கலந்து ‘சந்தால் குடும்பம்’ என்ற சிற்பத்தைத் திறந்தவெளியில் நிறுத்தினார். கூடை காவடியில் குழந்தை, கூடவே நடக்கும் நாய், இடம்பெயர்ந்து வேலை தேடிப் போகிற ஒரு குடும்பம். பிழைப்புக்கு ஊர் ஊராகப் போகிறவர்களைத் தெய்வச்சிலை உயரத்துக்குச் செய்தது பெரிய காரியம். ஆனாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை எங்கே படித்தது என்ற கேள்வி சிற்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

மரம் நடு விழாவை 1950-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. உணவு, வேளாண் அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி அதை நாடு தழுவிய வனமகோத்சவம் ஆக்கினார். நல்ல எண்ணம்தான். ஆனால் பல்லக்கு போய், இலக்கு வந்தது. ஜூலையில் நட்ட குழியிலேயே அடுத்த ஜூலையிலும் நடுகிற கலையை அரசு அலுவலகங்கள் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டன.

இன்னொரு கிளை வார்தாவுக்குப் போனது. 1937 அக்டோபரில் காந்தி கூட்டிய கல்வி மாநாடு, ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு, ஏழாண்டுத் தாய்மொழிக் கல்வி, நடுவில் ஒரு கைத்தொழில். ஆதாரக் கல்வி என்று தமிழில் சொன்னோம். அதை நடத்த அமைந்த இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆரியநாயகம். அவரும் மனைவி ஆஷாதேவியும் சாந்திநிகேதனில் பணிசெய்துவிட்டு வந்தவர்கள். தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் புருவத்தைச் சுருக்குகிறார்கள். நாட்டின் மிகப் பெரிய கல்விச் சோதனை ஒன்றைப் பல்லாண்டுகள் தோளில் சுமந்த தமிழருக்கு நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

1938 பிப்ரவரியில் குஜராத்தில் ஹரிபுரா காங்கிரஸ் மாநாடு. பந்தல்களை அலங்கரிக்க நந்தலாலைக் காந்தி அழைத்தார். மூங்கில், கீற்று, கையால் செய்த காகிதம், மண் நிறங்கள் ஆகியவற்றைக் கொண்டு எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் தயாராயின. மேளம் அடிப்பவர், நூல் நூற்பவள், தச்சர், மாடு மேய்ப்பவர். தலைவர்கள் நடந்துபோகிற பாதையில் ஊர்ச் சனம் படமாக நின்றது. அதே மாநாடுதான் வார்தாத் திட்டத்தையும் ஏற்றது. ஓவியமும் கல்வியும் ஒரே பந்தலில் இருந்த ஒரு வாரம் அது.

1944-ல் கலாபவன் மாணவர் தேவி பிரசாத், வார்தாவுக்கு அருகே காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்துக்கு ஓவிய ஆசிரியராக வந்து 1962 வரை இருந்தார். பானை வனைவார், புகைப்படம் எடுப்பார், பிள்ளைகள் வரைந்ததைச் சேர்த்து வைப்பார். பிறகு லண்டனில் போரெதிர்ப்பாளர்களின் சர்வதேச அமைப்பில் பொதுச்செயலாளராகப் போய்விட்டார். படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவர் போரை எதிர்க்கப் போனதில் எனக்கு முரண் தெரியவில்லை. குழந்தைக்குக் கலை ஏன் வேண்டும் என்று அவர் எழுதியதன் உள்ளே ஓடும் கவலையும் வன்முறை பற்றியதுதான்.

சேவாகிராமத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நாளின் தொடக்கம் துப்புரவு. கக்கூஸ் உட்பட. எந்தச் சாதிப் பிள்ளையானாலும் துடைப்பத்தை எடுக்க வேண்டும், எந்தச் சாதிப் பிள்ளையானாலும் நூற்க வேண்டும். ஊர் என்பது என்ன, அதன் அழுக்கு யார் தலையில் இறங்குகிறது என்ற பாடம் அதிலேயே இருந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. அந்தச் சொல்லுக்குள் நாம் இன்று மறந்துவிடுகிற பாதி அங்கே இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சரடு வந்தது. நெய்யாற்றின்கரை ஜி. ராமச்சந்திரன் சாந்திநிகேதன் மாணவர். அழகின் வழியே உண்மையைக் காண்பதா, உண்மையின் வழியே அழகைக் காண்பதா என்று 1924-ல் காந்தியிடமே வாதாடிப் பார்த்தவர். அவரும் மனைவி சௌந்தரமும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன். அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரப் பள்ளிகள். என் வீட்டுப் பெரியவர்கள் தலைமுறையில் ‘தக்ளி பீரியட்’ என்றால் பலருக்கும் சிரிப்பு வரும். திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து தக்ளியைச் சுழற்றியது, நூல் அறுந்துபோனது, வாத்தியாரிடம் கொட்டு வாங்கியது. நூற்றது நினைவிருக்கிறது, எதற்கு என்று ஒருவருக்கும் நினைவில்லை. பருத்தி எந்தக் கரிசலில் விளைந்தது, யார் எடுத்தார்கள், என்ன கூலி என்று கேட்க வேண்டிய வகுப்பில் நூலின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு 1953. ராஜாஜி அரசின் மாற்றியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம். கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் செய்கிற தொழில். ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் திராவிடர் கழகமும் திமுகவும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நின்றுவிட்டது. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. போனதே சரி. வண்ணார் மகன் வெள்ளாவி வைக்கவும் குயவர் மகன் மண் மிதிக்கவும் பள்ளிக்கூடமே மணியடித்து அனுப்புவதை எந்தக் கலைப் பேச்சாலும் நியாயப்படுத்த முடியாது. எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையும் தொடுவதும், அவரவர் பிள்ளை அவரவர் வேலைக்குத் திரும்புவதும் எதிரெதிர்த் திசைகள். சேவாகிராமம் முதலாவது. 1953 இரண்டாவது.

ஆனால் அந்தச் சண்டையின் புழுதியில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. கைவேலை என்றாலே ‘எங்களைப் பழைய இடத்துக்கே தள்ளப் பார்க்கிறார்கள்’ என்ற சந்தேகம் தமிழ்நாட்டில் ஊன்றிவிட்டது. சந்தேகத்துக்கு முழுக் காரணமும் இருந்தது. விளைவு என்னவோ, மண்ணில் கை வைக்காத கல்வியே முன்னேற்றம் என்று ஆகிப்போனது. நான் திராவிட இயக்கத்தின் அந்தப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வென்ற பிறகு செய்திருக்க வேண்டிய மறுவேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்கிறேன். தொழிலைச் சாதியிலிருந்து பிரித்து எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக வைக்கிற வேலை அது.

இடைவெளியில் பள்ளியில் தங்கியவர் டிராயிங் மாஸ்டர். அவர் வேறு வம்சம். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, அதன் பின்னால் வந்த அரசுத் தேர்வுகள், அந்த வழி. லோயர், ஹையர் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கத்து வளைவை வலப்பக்கம் இம்மி பிசகாமல் திருப்பிப் போட்டால் மதிப்பெண். என் டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் ஒரே இழுப்பில் மாம்பழம் போடுவார். அப்படியொரு கை. மூன்று வருடம் அதே மாம்பழத்தை வரைந்தோம். பள்ளிக்கூடத்து வாசலிலேயே மாமரம் இருந்தது, ஒருநாளும் அதனடியில் போய் உட்காரவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

2012-ல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் போன்றவற்றுக்கு அரசுப் பள்ளிகளில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அவர்கள் பணிநிரந்தரம் கேட்டுப் போராடிய செய்திகளை அதற்குப் பிறகு வருடம் தவறாமல் படித்து வருகிறோம். வாரத்தில் மூன்று அரை நாள் வந்துபோகிறவரிடம் ஊரோடு பிள்ளையை இணைக்கிற வேலையை எதிர்பார்ப்பது, பந்திக்கு முந்தாதவனிடம் பாயசம் எப்படி என்று கேட்பது போல.

சுற்றுச்சூழல் கல்வி தனி வாசல் வழியாக வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பிறகு தேசிய பசுமைப் படை, பேரணி, உறுதிமொழி, முழக்கம். பாடம் தேர்வுக்கு, ஓவியம் போட்டிக்கு. இரண்டும் சந்தித்த இடம்தான் அந்தச் சார்ட் பேப்பர். ‘நெகிழியை ஒழிப்போம்’ என்று தெர்மாகோலில் எழுத்து வெட்டி, மின்னும் ஜிகினா தூவி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்த பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். அதைச் செய்து கொடுத்தது பெரும்பாலும் தகப்பனார். இரவு பத்து மணிக்கு ஃபேன்சி ஸ்டோர் கதவைத் தட்டியவரும் அவர்தான்.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சிவகங்கைப் பக்கம் புரவியெடுப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும். அய்யனாருக்குக் குதிரை செய்ய வேண்டுமென்றால் முதலில் ஊரார் கூடிப் பிடிமண் கொடுக்க வேண்டும். ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, மண்குதிரை செய்கிற குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். அவர் அதைக் குதிரைக்கான களிமண்ணோடு சேர்த்துப் பிசைவார். மழை, விளைச்சல், ஊர் நலம் எல்லாம் அந்தப் பிடிக்குள் அடக்கம். செய்து முடித்த புரவிகளைத் தூக்கிப் போகும்போது ஊரே பின்னால் நடக்கிறது. பிறகு அவை வெயிலிலும் மழையிலும் நின்று, கால் உடைந்து, காது உதிர்ந்து, மறுபடி மண்ணாகப் போகின்றன. பழுது பார்க்க யாரும் ஓடுவதில்லை. அடுத்த முறை புதிதாக எடுப்பார்கள். ஊரும் மண்ணும் கலையும் சேர்ந்த இப்படியொரு ஏற்பாட்டைக் கல்விக் குழு எதுவும் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. பிடிமண்ணை யார் கொடுப்பது, முதல் மரியாதை யாருக்கு என்று இதே விழாக்கள் கைகலப்பிலும் கோர்ட்டிலும் போய் நின்றதுண்டு. அதையும் மறைக்காமல் பிள்ளைக்குச் சொன்னால் அது ஊரைப் பற்றிய முழுப் பாடம்.

அப்படி ஒரு வேளார் வீட்டு முற்றத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். கண்மாய் மண்ணைக் காயவைத்து, தட்டி, தண்ணீர் தெளித்துக் குவித்திருந்தார். மணலும் உமியும் சேர்த்து மிதிக்க வேண்டும். குதிகாலால் நடுவிலிருந்து வெளியே வட்டமாக மிதித்துக்கொண்டு வரும்போது, காலில் தட்டுகிற கல்லையும் வேரையும் குனிந்து எடுத்து வீசிக்கொண்டே இருந்தார். வேர்தான் அதிகம். “எல்லாம் சீமைக்கருவேலம். முந்தியெல்லாம் கல்லுதான் தட்டும்” என்றார். பக்கத்தில் அவருடைய பேத்தி, ஆறாம் வகுப்பு, வீசிய வேர்களைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள். அடுப்புக்காம். கண்மாயில் மண் எடுக்கத் தாசில்தார் அனுமதி, லோடு வண்டி வாடகை, சூளைக்கு விறகு, வாங்க ஆளில்லாத பானை என்று பேச்சு போனது. தண்ணீர், நிலம், சட்டம், சந்தை எல்லாம் அவர் குதிகாலுக்கடியில் இருந்தன. அந்தப் பெண்ணின் பள்ளியில் களிமண் வகுப்பு உண்டா என்று கேட்டேன். உண்டாம். டப்பாவில் வருகிற கலர் களிமண்.

அவளுடைய வகுப்பே அந்த முற்றத்துக்கு வந்தால் அவளுக்குப் பெருமையாக இருக்குமா, கூச்சமாக இருக்குமா? எனக்கு உறுதியில்லை. அவள் மட்டும் மிதித்து மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால் அது 1953. முப்பது ஜோடிக் கால்களும் இறங்கினால் வேறு.

ஓவியப் போட்டி நடந்த பள்ளியின் பின்னால் ஓடிய அந்த ஓடை விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. தாலுகா அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக் கிராம வரைபடத்தையும் பதிவேட்டையும் பார்த்தேன். நெளிந்து போகிற இரண்டு கோடு, ஒரு சர்வே எண், ‘ஓடை புறம்போக்கு’. பெயர் போட்டிருக்கவில்லை. அந்தத் தெருவில் வயதானவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அடுத்த ஜூனுக்கும் நடுவராக அழைத்திருக்கிறார்கள். அதற்குள் பள்ளியிலிருந்து நாலு பிள்ளைகளை நோட்டும் பென்சிலுமாக அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியர் பார்க்கலாம் என்றிருக்கிறார்.